கர்ட்டிஸுக்கு மேலே ஒரு மீட்டர்

எல்லாருக்கும் தோள் இற்றுப்போய்க் கிடக்கிறது. காலையிலிருந்து இந்தக் குடிசைக் கூரையின் பனியைத் தள்ளியிருக்கிறோம். ஏப்ரல் பனி, ஈரச் சிமெண்ட். இந்த வலியோடு எவனுக்கும் தூக்கம் வராது. அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். விளக்கு இருக்கட்டும்... சரி, அணைத்துவிடுங்கள்.

நம் சமையல்காரி கெயிலுக்கு லோர்ன் என்று ஒரு தம்பி. இது அவனுக்கு நடந்தது.

விடிகாலை நாலு மணி. மலைக்கு ஏறுகிற மரலாரி ரோடு. அங்கே கேட்டருகில் கர்ட்டிஸ் தனியாக நின்றிருந்தான். மரமில்லில் லோர்னோடு ஒரே ஷிஃப்ட். இருவரும் ஸ்கீயில் சறுக்கப் போவதாகப் பேச்சு. சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். லோர்ன் வந்தபோது வானம் வெளுத்திருந்தது. வாயில் பீர் நாற்றம்.

வசந்தத்தில் தெற்குச் சரிவு யாருக்காகவும் காத்திருக்காது. இரவில் இறுகின பனி, வெயில் பட்டால் அடியில் நீர்விட்டு அவிழும். இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும்.

"லேட்டாயிருச்சுடா. வீட்டுக்குப் போலாம்," என்றான் கர்ட்டிஸ்.

"சூரியன் என்ன உன் மாமனாரா, இப்படி நடுங்குற? வந்து வண்டியில உக்காந்து டோனட் திங்கவா ரோக்ஸன்கிட்ட பர்மிஷன் வாங்கின?"

ரோக்ஸன், கர்ட்டிஸின் மனைவி. அந்தக் குத்தல் போதும், கர்ட்டிஸ் ஏறக் கிளம்பிவிட்டான்.

கேட்டில் செய்கிற சடங்கை மட்டும் விடவில்லை. நெஞ்சில் கட்டுகிற பீக்கன் பெட்டி, பனியில் புதைந்தவன் கிடக்கும் இடத்தைக் காட்டுமே. லோர்ன் தன் பெட்டியைத் தேடுகிற நிலையில் வைத்துக் கர்ட்டிஸைக் கடந்து நடந்தான். பீப்... பீப்... கத்துகிற பெட்டியை விட்டுவிட்டு எவனும் போகக்கூடாது. இங்கே அது எழுதாத சட்டம்.

உச்சியிலிருந்து கர்ட்டிஸ்தான் முதலில் இறங்கினான். ஸ்கீ நான்கு வளைவு போட்டிருக்கும். சரிவு ஒரு பெருமூச்சு விட்டது... அவ்வளவுதான். பிறகு லாரி லாரியாக ஜல்லி கொட்டுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கர்ட்டிஸும் இல்லை. முறிந்த ஃபிர் மரங்களின் பச்சை வாசனை மட்டும்.

லோர்ன் ஓடினான். பெட்டியில் தூரத்தின் எண், மீட்டர் கணக்கில், இறங்கியது. இருபது. ஏழு. இரண்டு. மடக்குக் கம்பியை நீட்டிக் குத்தினான். கல்லில் பட்டால் டங்கென்னும். மரத்தில் பட்டால் டொக். ஆளின் மேல் பட்டால் சத்தமே வராது... மெத்தென்று அழுந்தித் திரும்பும்.

திரும்பியது.

ஷவலால் தோண்டினான். ஒரு மீட்டர் போனான். பெட்டி 1.0 காட்டியது. மேலே சரிவின் மீதிப் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அதனடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம்... சளசளவென்று. லோர்ன் பெட்டியை ஆஃப் செய்தான். ஷவலைக் கல்லில் ஓங்கி அடித்து முறித்தான். இறங்கி ஓடினான்.

"ஷவல் உடைஞ்சிருச்சு. கையாலயும் தோண்டிப் பாத்தேன்," என்றான் ரோட்டில் கண்டவர்களிடம்.

மீட்புக்காரர்கள் கர்ட்டிஸைச் சாயங்காலம் எடுத்தார்கள். லோர்ன் தோண்டின குழிக்குச் சரியாக ஒரு மீட்டர் கீழே. முகத்தின் மேல் பனிக்கட்டி முகமூடி. மூச்சுக்காற்று உறைந்து ஆகிறது அது. கனமாக இருந்தால் ஆள் நெடுநேரம் மூச்சுவிட்டிருக்கிறான் என்று அர்த்தம்.

ரொம்பக் கனமாக இருந்தது.

மேலே தொங்கின பாதியா? அது விழவே இல்லை.

முறிந்த ஷவலை மில் பாரில் மாட்டினார்கள். லோர்னுக்கு யார் யாரோ பீர் வாங்கிக் கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் ரோக்ஸன் கூப்பிட்டு மாட்டுக்கறி ரோஸ்ட் போட்டாள். தின்றான்.

அடுத்த ஏப்ரலில், லோர்ன் வீட்டில் ஆணியில் தொங்கின பீக்கன் பெட்டி கத்தத் தொடங்கியது. அதில் பேட்டரி இல்லை.

வேலையை விட்டான். சஸ்காட்செவன் சமவெளிக்குப் போனான். அங்கே மலை என்ன, கண்ணுக்கெட்டின வரை ஒரு மேடுகூடக் கிடையாது. வீட்டுக்குப் பின்னால் களிமண் நிலம், கோதுமை வயல். பெட்டியைக் கூடவே கொண்டுபோயிருந்தான். ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்காதீர்கள். ஒருமுறை போட்டானாம். காலையில் ஆணியில் தொங்கியதாம்.

மே மாதம் ஒரு ராத்திரி கெயிலுக்குப் போன் வந்தது.

"அக்கா, கொல்லையில தோண்டிட்டு இருக்கேன். களிமண்ணுக்கு அடியில... பனி இருக்கு. ஃபிர் வாசனை அடிக்குது."

குடித்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பீர், சளசள சத்தம், கல்லில் முறித்த ஷவல்.

"பாவி. ரோக்ஸன்கிட்ட சொல்லுடா. இப்பவே போன் போடு."

"அதெல்லாம் வேணாம். 1.0 காட்டுது. ஒரே ஒரு மீட்டர். தோண்டிட்டா தீர்ந்துரும்."

"அவ போட்ட சோத்தைத் தின்னேல்ல? அவகிட்ட சொல்லு."

போனில் சரக்... சரக்... என்று ஷவல் சத்தம்.

"நல்லாத்தான் தோண்டுற," என்றாள் கசப்போடு.

"அக்கா... நான் நிறுத்தி ரொம்ப நேரமாச்சு."

சரக். சரக். பிறகு கைப்பிடி முறிகிற சத்தம், போனில் தெளிவாகக் கேட்டதாம். மரம் கல்லில் பட்டு முறிகிற மாதிரி.

பிறகு ஒரு பெருமூச்சு.

காலையில் பக்கத்து வீட்டுக்காரன் வந்து பார்த்தான். குழியே இல்லை, தரைக்கு அடியிலிருந்து பீப் சத்தம் மட்டும். தரை ரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. கடப்பாரை போட்டுத்தான் உடைத்தார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் லோர்ன் குப்புறக் கிடந்தான், கீழே எதையோ பார்க்கிற மாதிரி. சட்டை போடத் தோன்றாத வெயில் அன்றைக்கு. அவன் முகத்தில் பனிக்கட்டி முகமூடி.

ரொம்பக் கனமாக.

கையிலிருந்த பெட்டி கத்திக்கொண்டே இருந்ததாம். திரையில் 1.0. அதற்குக் கீழே தோண்ட ஒருவரும் முன்வரவில்லை. லோர்னை எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள்.

லோர்ன் கர்ட்டிஸுக்குத் தோண்ட வேண்டிய ஒரு மீட்டர் இன்னும் பாக்கி.