வேந்தனுக்குப் போர்த்திய பொன்னாடை

ஷூவைக் கழற்ற வேண்டாம், பசுபதி. இந்த வீட்டில் யாரிடமும் நான் இப்படிச் சொன்னதில்லை. குழாய் சரிசெய்ய வருகிறவனைக்கூட வாசலில் நிறுத்தி, காலுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிய பிறகுதான் உள்ளே விடுவேன். ஆனால் கார்ப்பெட்டை இன்னும் மாற்றவில்லை. சோபாவுக்கு வலது பக்கம் மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறதே, அதை மட்டும் மிதிக்காமல் வந்து உட்காருங்கள்.

காபியும் வேண்டாமா? சரி. விழாக் குழுவின் சார்பில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள், இங்கே கை நனைக்க மனம் வராது. போனை டீப்பாய் மேலேயே வையுங்கள். பதிவாகிறது என்பதால் எழுத்துத் தமிழிலேயே பேசிவிடுகிறேன். பிற்பாடு வெட்டி ஒட்டித் திரிக்கிறவர்களுக்கு நாமே இடம் கொடுக்கக் கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய் என்றால் அருவருப்பு. வெறுப்பு இல்லை. வெறுப்பு இருந்தால் அடிக்கத் தோன்றும், எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. கை கழுவத்தான் தோன்றும். இதை உங்கள் மனைவி ருக்மிணியிடம் சொல்ல வேண்டாம். என் புத்தகத்தில் நாயின் காதுகளைப் பற்றி வருகிற அத்தியாயத்தைப் படித்துவிட்டு போனில் என்னிடம் தேம்பித் தேம்பி அழுதவர் அவர்.

நான் கோயமுத்தூர் போயிருந்த சமயத்தில், மகள் ரோஷினியின் தொல்லை தாங்காமல் என் மனைவி வசந்தாமணி நாய்க் காப்பகத்திலிருந்து அதைக் கூட்டி வந்துவிட்டாள். ரோஷினி அப்போது இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். பீனட் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். நான் ஏர்போர்ட்டிலிருந்து வந்து கதவைத் திறந்தால், என் சாய்வு நாற்காலியில் அது படுத்திருக்கிறது. அன்றைக்கு ரசத்தில் ஒரு முடி. அதற்கப்புறம் ரசம், தயிர், துவைத்து மடித்த வேட்டி, எதில்தான் முடி இல்லை? என் மகள் அதன் வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவாள். அந்த வாய் சற்று முன் எதை நக்கிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட வேண்டும். ஆனாலும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. குடும்பஸ்தன் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்.

எழுதியது எப்படி என்று கேட்கிறீர்கள். மூன்று கவிதைத் தொகுப்புகள் போட்டேன், மூன்றும் கராஜில் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. நீங்களே ஒன்று வாங்கினீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். ஒரு நாள் இணைய இதழுக்குப் பக்கம் நிரப்ப எதுவும் கிடைக்காமல், சாப்பாட்டு மேசையில் ரோஷினி சொன்ன ஒரு நாய்க்கதையை எழுதி அனுப்பினேன். இடி இடித்தால் அது குளியல் தொட்டிக்குள் ஒளிந்துகொள்ளுமாம், இவளும் போர்வையோடு உள்ளே இறங்கிப் பக்கத்தில் படுத்துக்கொள்வாளாம். அவ்வளவுதான் கதை. ஜனங்கள் அழுது தள்ளிவிட்டார்கள். அடுத்த வாரமும் கேட்டார்கள். நான் ரோஷினியிடம், "அப்புறம் பீனட் என்ன பண்ணுச்சு கண்ணு?" என்று கேட்பேன். அப்பாவுக்கு நாய் மேல் பாசம் வந்துவிட்டது என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். கண்ணெல்லாம் மின்ன இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போவாள். நான் தமிழில் எழுதிக்கொள்வேன். அவள் தொட்டிக்குள் இறங்கிய இடங்களில் எல்லாம் நான் இறங்கியதாக எழுதினேன். ஒரு வீட்டுக்குள் நடந்ததை வீட்டுத் தலைவன் எழுதினால் அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை.

பீனட் என்றால் தமிழ் வாசகனுக்கு என்ன தெரியும்? வேந்தன் என்று வைத்தேன். புத்தகம் 'வேந்தன் என்றொரு மகன்' என்று வந்தது. ரோஷினியை விட்டுக் கூலிங் கிளாஸ் மாட்டி எடுத்த அட்டைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்டங்களில் எல்லோரும் "வேந்தா, வேந்தா" என்று கூப்பிடுவார்கள், அது திரும்பிக்கூடப் பார்க்காது. வயதாகிவிட்டது, காது மந்தம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புத்தகம் வந்த சில வாரங்களில் அதன் தொடையில் கட்டி வந்தது. எலும்பில் இருந்து வளர்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை, வலிக்கு மாத்திரை மட்டும் காலையும் மாலையும் கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பின்னங்கால்கள் போயின. பிறகு கட்டி உடைந்தது. உடைந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், ஆனால் இந்த ஹாலில் நின்று மூச்சு விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். செத்த எலியும் புளித்த பாலும் சேர்ந்த வாடை. ஜன்னலைத் திறந்தால் ஈ வரும், மூடினால் வாடை நிற்கும். வசந்தாமணி வேலையிலிருந்து வந்ததும் கையுறை மாட்டிக்கொண்டு சீழைத் துடைப்பாள், டயபர் மாற்றுவாள். ரோஷினி தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் மாடியில் சாப்பிட்டுக்கொள்வேன்.

அந்த நாட்களில்தான் கூட்டங்கள் அதிகம். மௌரி அவென்யூ மளிகைக் கடை வாசலில் கையெழுத்து நிகழ்ச்சி, சான் ஹோசேயில் வாசகர் சந்திப்பு. எல்லோருக்கும் வேந்தனைப் பார்க்க வேண்டும். என்னையா பார்க்க வருகிறார்கள்? மெத்தை போட்ட இழுவண்டி ஒன்று வாங்கி, கை படாமல் மெத்தையோடு தூக்கி அதில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். இதில் ஒரு சிக்கல் இருந்தது. வலி மாத்திரை போட்டால் அது அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடும். தூங்குகிற நாயைப் பார்க்க சேக்ரமென்டோவிலிருந்து யாராவது கார் ஓட்டிக்கொண்டு வருவார்களா? அதனால் கூட்டம் உள்ள நாட்களில் காலை மாத்திரையை நானே கொடுத்துக்கொள்கிறேன் என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். கண் திறந்திருக்கும். வாய் விட்டு முனகும். "வேந்தன் உங்களோடு பேச ஆசைப்படுகிறான்" என்று மைக்கில் சொல்வேன். பெண்கள் எல்லாம் உருகிப் போவார்கள். ஒரு பொய்யும் இல்லை, அது ஏதோ சொல்ல ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

சான் ஹோசே கூட்டத்தில் நம் நாகரத்தினம் ஐயா செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, இன்னொன்றை எடுத்து, "நாயகனுக்கும் ஒரு மரியாதை" என்று அதன் மேல் போர்த்தினார். பட்டு, அகல ஜரிகை. அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நாற்பது வருஷம் கவிதை எழுதியவனுக்கு எழுந்து நிற்காத ஜனம். பொன்னாடை புண்ணை அழகாக மறைத்துவிட்டது, படங்களும் நன்றாக வந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால் பட்டு புண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கராஜில் உட்கார்ந்து வசந்தாமணி வெந்நீர் விட்டு விட்டு ஊற வைத்து உரித்தாள். அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கதவருகே நின்று, "ஜரிகை கெடாம எடு" என்றேன்.

வசந்தாமணி நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, அவன் படற பாட்டப் பாத்துமா இப்படிப் பேசறீங்க? டாக்டரம்மா சொன்னாப்ல ஊசி போட்டு அனுப்பி வெச்சிரலாமுங்க. பாவமுங்க."

ரோஷினி என் காலடிக்கு வந்தாள். "அப்பா, ப்ளீஸ். ஹீ இஸ் ஹர்ட்டிங். ஐ'ல் ஹோல்ட் ஹிம். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம், சும்மா ஓகே மட்டும் சொல்லுங்க."

உங்கள் பெருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. சிறந்த நூல் விருது, வேந்தனோடு மேடைக்கு வர வேண்டும் என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். நீங்கள் சொல்லாமல் இருந்தால் நானாகக் கேட்டிருக்க மாட்டேன். இதைப் பழியாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

வசந்தாமணி என்னைக் கேட்காமலே டாக்டரம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லி நாள் குறித்துவிட்டாள். நான் க்ளினிக்குக்கு போன் செய்து, நாய் தேறிவிட்டது, வர வேண்டாம் என்றேன். வீட்டில், டாக்டரம்மாவுக்கு அவசர வேலை, சனிக்கிழமை காலை க்ளினிக்குக்கே கூட்டி வரச் சொல்கிறார்கள், நானே கொண்டுபோய் முடித்துவிட்டு அப்படியே விழாவுக்குப் போய்விடுகிறேன் என்றேன். தாயும் மகளும் நம்பினார்கள். குழந்தை இதையெல்லாம் பார்க்கக் கூடாது, நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்றேன். அதையும் நம்பினார்கள்.

சனிக்கிழமை ரோஷினி அதற்கு வெனிலா ஐஸ்கிரீம் ஊட்டினாள். ஒரு வாய் நக்கிவிட்டு நிறுத்திவிட்டது. இதோ, இந்த வட்டத்தில்தான் அதை அணைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காதுக்குள் என்னென்னவோ சொன்னாள். எழுதியிருந்தால் நல்ல அத்தியாயமாக வந்திருக்கும், ஆனால் அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. கிளம்பும்போது, "அப்பா, கடைசியில அவன் தலைய நீங்க பிடிச்சுக்கணும். தனியா விடக் கூடாது. ப்ராமிஸ்?" என்றாள். கடைசி வார்த்தை தவிர முழுக்கத் தமிழில் அவள் பேசியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சரி கண்ணு என்றேன். அன்றைய மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது.

ஃப்ரீவேயில் ஏறியதிலிருந்து பின்சீட்டில் முனகல். முனகல் என்றுகூடச் சொல்ல முடியாது, ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. வாடைக்கு நான்கு கண்ணாடியையும் இறக்கியிருந்தேன். பாட்டைச் சத்தமாக வைத்தேன், ஏற்புரையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். க்ளினிக்குக்குப் போகிற எக்ஸிட் வந்தது. இறங்கியிருக்கலாம். விழாவுக்குத் தாமதமாகும் என்று நேராகப் போனேன். கொஞ்ச தூரத்தில் சத்தம் நின்றது. அப்பாடா என்று இருந்தது.

நீங்கள் கேட்க வந்த கேள்வி இதுதானே? தெரிந்துதான் மேடையேற்றினேனா என்று. பார்க்கிங்கில் கதவைத் திறந்தபோதே தெரிந்தது, பசுபதி. வாயோரம் ஐஸ்கிரீம் காய்ந்திருந்தது, கண் திறந்திருந்தது. ஈ உட்கார்ந்தும் இமைக்கவில்லை. டிஷ்யூவால் நாக்கை உள்ளே தள்ளினேன். கூலிங் கிளாஸை மாட்டினேன். சான் ஹோசேயில் போர்த்திய பொன்னாடையை வசந்தாமணி துவைத்து வைத்திருந்தாள், அதைக் கழுத்து வரை போர்த்தி, வாடைக்கு வழக்கம்போல் சென்ட் தெளித்தேன். மெத்தையோடு தூக்கி வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீங்கள்கூட, "இன்னைக்கு என்ன, சார் ரொம்ப சைலன்டா இருக்காரு?" என்று கேட்டீர்கள். தூங்குகிறான் என்றேன். வரிசையாக வந்து தடவினார்கள், குழந்தைகளைத் தூக்கிப் பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் நான் மட்டும் என்ன தவறு செய்துவிட்டேன்?

யாரோ ஓர் ஆன்ட்டி படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார்கள். வசந்தாமணி அதைப் பார்த்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறாள். நான் ஏற்புரையில் காது அத்தியாயத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது ரோஷினி நடுப்பாதையில் நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. மேடையேறி, அதன் கண்ணாடியைக் கழற்றினாள். பொன்னாடையை விலக்கினாள். முன்வரிசையில் ஒருவர் அங்கேயே வாந்தி எடுத்தார். அவள் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஹீ இஸ் கோல்ட், அப்பா. சில்லுனு இருக்கான்" என்றாள். என் மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அது அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. "ப்ராமிஸ் பண்ணீங்களே" என்று அவள் சொன்னதும் கேட்டது.

விருதைத் திருப்பித் தர வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அலமாரியில்தான் இருக்கிறது. புத்தகத்தைத் திரும்பப் பெறச் சொல்லாதீர்கள். அடுத்த பதிப்புக்குக் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறேன், மகனைப் பறிகொடுத்த தகப்பனின் துக்கத்தை எழுத வேண்டாமா? உண்மையில் எனக்கு அவன் மேல் பாசம் பொங்கியது அந்தப் பார்க்கிங்கில்தான். எச்சில் வடிக்காமல், முனகாமல் இருந்தான். கண்ணாடியை மாட்டும்போது என் விரல் அவன் காதில் பட்டது. இத்தனை வருஷத்தில் நான் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பிறகு கை கழுவ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

ஒரே ஓர் உதவி. ரோஷினி மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. நீங்கள் அங்கிள் கேட்டால் சொல்லுவாள். போகும்போது ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், அந்த அத்தியாயத்துக்கு வேண்டும். அவன் உயிரோடு இருந்தபோது அந்தக் காது சூடாக இருக்குமா?