கொல்லன் வீடு, இலக்கம் ஒன்பது

"அவள் ஒளிச்சிருந்தவள் அக்கா. தெரிஞ்சுகொண்டுதானே விலாசத்தைக் குடுத்தனீங்கள்?"

மிச்சம் என்கிற எங்கள் பகுதித் தமிழ்க்கடையில், முருங்கைக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வசந்தமலர் கத்தினாள். அன்று நல்ல பிஞ்சுக் காய் வந்திருந்தது. தெரிந்தெடுக்க விடவில்லை.

"மெல்லமாக் கதையும். சனம் பாக்குது."

"பாக்கட்டும். என்ரை தங்கச்சியைச் சாகக் குடுத்தது ஆரெண்டு சனமும் அறியட்டும்."

அப்படிச் சொல்வது சரியில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய தங்கை நகுலேஸ்வரி எனக்குப் பக்கத்து வீடு. இடையில் ஒற்றைச் சுவர். புருஷன் நிசாந்தன் அடிக்கிற சத்தம் நாலு வருஷம் கேட்டது. ஒருநாள் அவள் சுவரில் மூன்று தரம் தட்டினாள். ரிவிச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அடுத்தவர் குடும்பத்தில் தலையிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு அவள் காணாமல் போனாள். நிசாந்தன் கிட்டப் போகக்கூடாதென்று கோர்ட் உத்தரவும் எடுத்தாளாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மல்லித்தூள் முடிந்தால் மட்டும் என் கதவுதான்.

ஆறு மாதம் கழித்து ட்ராமில் வசந்தமலர் போனில் பேசும்போது ஓர் ஊர்ப்பெயர் காதில் விழுந்தது. ஸ்னெல்பி. வீட்டுக்கு வந்து தேடினேன். நாற்பத்தொரு வீடு, ஒரு தேவாலயம், ஒரு வரலாற்றுச் சங்கம். எந்த வீட்டில் எவர் இருந்தார், எவள் எவனோடு போனாள் என்று முந்நூறு வருஷத்தையும் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் செய்தால் வரலாறு, நான் செய்தால் விடுப்பு, ஊர்வம்பு.

கடைசியில் அறுவடை விருந்துப் படம். பழைய கொல்லன் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் பருப்பு வடை சுட்டுக் கொடுத்தாளாம். பெயர் போடவில்லை. முதுகுதான் தெரிந்தது. அந்தக் கொண்டையை எனக்குத் தெரியாதா? ஊர் வரைபடத்தில் வீடுகளுக்கு இலக்கமும் இருந்தது.

நிசாந்தன் பாவம், மெலிந்துபோயிருந்தார். கண்டால் வெட்டுவேன் என்று யாருக்கோ சொன்னதும் சுவரால் கேட்டதுதான். ஆம்பிளைகள் சொல்வதுதானே. குடும்பம் ஒன்றாகட்டும் என்று ஊர்ப்பெயரோடு படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன்.

"எந்த வீடக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டிவருவதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லாமல் போனவள் ஒருக்கா பயப்படட்டும் என்றிருந்தது. ஒன்பது என்று அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. தேத்தண்ணி போட்டேன்.

சனிக்கிழமை காலை போனார். வடைத் தட்டைத் திருப்பித் தர அயலில் யாரோ வந்திருப்பதாக நினைத்துத்தான் அவள் கதவைத் திறந்திருப்பாள். ஏழு வெட்டு.

நிசாந்தன் இப்போது உள்ளே. பக்கத்து வீட்டைக் கவுன்சில் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டது. முகம் கொடுத்துப் பேசாத சனம். வசந்தமலரும் வீட்டை விற்றுவிட்டு, ஒருவருக்கும் விலாசம் சொல்லாமல் போய்விட்டாள். பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் என்று கதை. தனிய இருந்து அழுவாள், நேரில் போய் ஆறுதல் சொல்லவேண்டும். எந்தத் தெரு என்று இரண்டு பேரிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.