பாலத்தடிச் சாட்சி

— பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, எனக்கு அது போதும்.

— நான் எதையும் பாக்கல தாயி. நான் இந்த எடத்துல இல்லவே இல்ல.

— என் முன்னால உக்காந்து என் பன்ல பாதியத் தின்னுக்கிட்டே இல்லவே இல்லங்கிறீங்களே, இது நியாயமா?

— பன்னு குடுத்த புண்ணியத்துக்குச் சொல்றேன், நீங்களும் என்னயப் பாக்கல. மொகங்கழுவ பாலத்துக்கடியில எறங்குனீக. தண்ணி கெடந்துச்சு, பாசி கெடந்துச்சு. வேற ஒண்ணுமில்ல.

— பயப்படாதீங்க. நான் போலீசு இல்ல. போடியில பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல டிரில் டீச்சர். ஜெயபாக்கியம்னு பேரு.

— டீச்சரா? சைக்கிள்ல அரக்கப்பரக்க வந்தீகளா, யாருக்கோ சாவுத் தந்தி கொண்டாறீகன்னுல்ல நெனச்சேன்.

— அப்ப நான் சைக்கிள்ல வந்ததப் பாத்திருக்கீங்க!

— ஐயய்யோ. இந்த வாயாலதான் எனக்கு எல்லாக் கேடும்.

— எங்கருந்து பாத்தீங்க? எந்த வளைவுலருந்து? அக்கா, உங்க கையப் புடிச்சுக் கேக்குறேன்.

— கைய விடுங்க, ஏலக்கா பறிச்ச கறை ஒட்டிக்கிரும். சொல்லித் தொலைக்கிறேன். காலையில உங்க ஆளுக இங்ஙன வெடி போட்டாக, மேளம் அடிச்சாக, சோடா உடைச்சாக. அம்புட்டும் என் தலைக்கு மேல. நான் பாலத்தடியில கோழி மாதிரி குறுகிக் கெடந்தேன். எல்லாரும் ஜீப்புல ஏறிப் போன பெறகு மேல வந்து ரோட்டைப் பாத்தேன். ஆளில்லன்னா வெரசா எறங்கிரலாம்னு. பாத்தா, கீழ ரொம்ப தூரத்துல வெள்ளையா ஒண்ணு ஏறி வருது.

— அது நான்தான்.

— மொதல்ல கொக்குன்னு நெனச்சேன். அங்கிட்டுப் போகுது, இங்கிட்டு வருது, மறுக்க அங்கிட்டுப் போகுது. குடிச்சவன் நடக்குற மாதிரி.

— ஏத்தத்துல நேரா மிதிக்க முடியாதுக்கா. ரோட்டு அகலத்துக்குக் குறுக்க குறுக்க ஓட்டினாத்தான் கால் தாங்கும். நான் எங்கயாவது எறங்கினேனா? கால ஊனினேனா?

— எறங்கல. அந்தா, அந்த வழுக்குப் பாறை கிட்ட விழுந்துருவீகன்னு பாத்தேன். சைக்கிளு அப்படியே நின்னு போச்சு. நீங்க சீட்டை விட்டு எந்திரிச்சு நின்னுக்கிட்டு ஒரு மிதி மிதிச்சீக பாருங்க, சைக்கிளு மறுக்க நகந்துருச்சு. வாயத் தொறந்து என்னமோ கத்துனீக.

— ஆண்டவரே ஆண்டவரேன்னு கத்தினேன்.

— அது இங்ஙன கேக்கல. வாயசைஞ்சது மட்டும்தான் தெரிஞ்சுச்சு. நானும் ஏறு தாயி, ஏறு தாயின்னு சொன்னேன். உங்களுக்கு எங்க கேட்டிருக்கப் போகுது.

— சொன்னீங்களா? எனக்கா?

— பெறகு யாருக்கு? ரோட்டுல வேற யாரு இருந்தா? ... ஏ தாயி, என்ன இது, இதுக்குப் போயி அழுவாகளா?

— சைக்கிள் பழகின நாளையிலருந்து விழுந்துருவ, விழுந்துருவன்னுதான் கேட்டிருக்கேன். ஏறுன்னு ஒருத்தரும் சொன்னதில்லக்கா.

— கண்ணத் தொடைங்க. எனக்கு ஒண்ணு வெளங்கல. இந்த மேட்டுல அப்படி என்ன வச்சிருக்குன்னு ஆம்பளைக கூட்டம் கூட்டமா ஏறி வந்தாக?

— குடியரசு தினப் பந்தயம். முந்தல் அடிவாரத்துலருந்து இங்க வரைக்கும். வருசா வருசம் நடக்கும், ஆம்பளைங்களுக்கு மட்டும். நானும் ஓட்டுறேன்னு கேட்டுக் கேட்டு, இந்த வருசம்தான் கமிட்டி விட்டுச்சு. அதுலயும் ஒரு நிபந்தனை. ஆம்பளைங்க எல்லாரும் போய் மறைஞ்ச பெறகு நான் தனியா கெளம்பணும். கூட்டத்துல சேலை பறந்தா மத்தவங்களுக்கு எடைஞ்சலாம்.

— சேலையோடயா இம்புட்டு மலை ஏறுனீக?

— வேற என்ன கட்டுறது? அஞ்சு ஊக்கு குத்தியிருக்கேன் பாருங்க. கெண்டைக்கால் தெரியக்கூடாதுன்னு எங்க பெரிய டீச்சரம்மா கண்டிசனா சொல்லி அனுப்பினாங்க. ஆம்பளைங்க நடுவுல எறங்கித் தள்ளிக்கிட்டும் வரலாம், நான் மட்டும் கால ஊனினா கணக்குல சேத்தி இல்லன்னு கமிட்டியில சொன்னாங்க. சரின்னு அதுக்கும் தலையாட்டினேன். வந்து பாத்தா எல்லைக்கோட்டுல ஒரு மனுசரு இல்ல. செதறின பூவும் காலி சோடா பாட்டிலும்தான் இருக்கு.

— பிரியாணி ஆறிப் போகும்னு ஒருத்தரு கத்துனாரு. டீச்சர் பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பியிருப்பாகன்னு இன்னொருத்தரு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாக.

— சிரிச்சாங்களா?

— நான் சிரிக்கல தாயி.

— யாராவது திரும்பி வருவாங்கன்னுதான் வெயில் உச்சிக்கு வர்ற வரைக்கும் இந்தப் பாலத்துக் கட்டையில உக்காந்திருந்தேன்.

— அதான் என் வினை. இந்தம்மா எந்திரிச்சுப் போகும், எந்திரிச்சுப் போகும்னு நானும் அடியில உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு. நீங்க அசையல. ஏன் தாயி, தனியா ஓட்டி யாரை ஜெயிக்கப் போறீக?

— அதைத்தான் நானும் கேக்குறேன். ஜெயிக்கிறதுக்குக்கூட எதுக்க ஒருத்தி வேணும். போடியில எனக்கு யாரு இருக்கா? விடியக்காலையில சிலமலை ரோட்டுல ஒத்தையா ஓட்டிப் பழகுறேன். எதுக்க வர்ற மாட்டுவண்டிக்காரங்க யாரோ செத்துட்டாகன்னு நெனச்சு வண்டிய நிறுத்தி விசாரிப்பாங்க.

— சிலமலையா? அது என் ஊருல்ல!

— அங்கதான் போறீங்களா?

— என் சின்னாத்தா வீடு இருக்கு. அதை விடுங்க. உங்க கதையச் சொல்லுங்க.

— மதுரையில பொம்பளைங்களுக்குன்னே ரோட்டுப் பந்தயம் வைக்கிறாங்க. போன வருசம் நான் ரெண்டாவதா வந்தேன். மறுநாள் பேப்பரப் பாத்தா பரிசு குடுத்த அம்மா பேரு இருக்கு, அவங்க கட்டியிருந்த பட்டுச்சேலை நெறங்கூட இருக்கு. ஓட்டின எங்க பேரு ஒண்ணுகூட இல்ல. சில பெண்மணிகளும் சைக்கிள் விட்டனர்னு எழுதியிருந்தான்.

— சைக்கிள் விடுறதுன்னா, பட்டம் விடுற மாதிரியா?

— சிரிக்காதீங்கக்கா. எனக்கு வயிறெரியுது. இந்த வருசம் மதுரைக்குப் போகணும்னா, மலை ரோட்டுல டீச்சர் எறங்காம ஏறுச்சுன்னு ஊர்க் கமிட்டி சொல்லணும். சொன்னா சைக்கிள் கடைக்காரரும் எடை கொறைஞ்ச புது வண்டி தர்றேங்கிறாரு. இது எங்க அண்ணன் கழிச்சுப் போட்ட வண்டி, தூக்கிப் பாருங்க, எருமைக் கனம். இல்லன்னா இதோட சரி. வர்ற வைகாசியில கல்யாணம் பேசியிருக்காங்க. அந்த வீட்டுல மாமியாரு முதல்ல கேட்டதே, சைக்கிளை வித்துருவீகள்லங்கிறதுதான்.

— அப்ப இன்னிக்கு விட்டா கெடையாது.

— கெடையாது. எங்கூட வந்து, நான் பாத்தேன், அந்தம்மா மிதிச்சுத்தான் ஏறுச்சுன்னு கமிட்டிகிட்டச் சொல்லுங்கக்கா. உங்களத் தவிர இந்த மலையில எனக்கு வேற ஆளே இல்ல.

— கமிட்டி கமிட்டிங்கிறீகளே, அதுல பெரிய ஆளு யாரு?

— செக்ரட்டரி சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. ஏலக்காத் தோட்டத்துக்காரரு.

— அந்தத் தோட்டத்துலருந்துதான் தாயி ஓடி வந்திருக்கேன்.

— ஓடியா?

— நான் புருசன் செத்தும் அறுத்துக்கட்டாத முண்டச்சி. பெரியம்மான்னு பேரு, புள்ள குட்டி கெடையாது. கூலியாளுக லயத்துல கடைசி வீடு. கன்னையன்னு ஒரு கங்காணி. பொழுது சாஞ்சா வந்து கதவத் தட்டுவான். தொறக்கல. மறுநாளு பறிச்ச காய எடை போட்டுட்டுப் பாதி பச்சைக்காயின்னு தள்ளுவான். மறுக்க வந்து தட்டுவான். மொதலாளிகிட்டச் சொன்னேன். நல்ல மனுசருதான், ஏச மாட்டாரு. ஆனா கன்னையன் எங்க அப்பாரு காலத்து ஆளு, அப்படிச் செய்ய மாட்டான்னுட்டாரு. நேத்து அவன் தட்டல. தாழ்ப்பாளையே கழட்டிட்டுப் போயிட்டான். அதான் கோழி கூப்பிடக் கெளம்பி, சோதனைச் சாவடிக்காரன் கண்ணுல படாம ஏலக்காட்டுக்குள்ள பூந்து வந்தேன்.

— ஆண்டவரே.

— இப்பச் சொல்லுங்க. நான் எப்படி வந்து, பாத்தேன்னு சாட்சி சொல்றது?

— வேண்டாம். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கேட்டதே தப்பு.

— கோவமா?

— உங்க மேல என்ன கோவம்? மனசுதான் கெடந்து அடிக்குது. பாத்தது ஒரே ஒரு ஆளு, அந்த ஆளுதான் இங்க இருக்கவே கூடாது. என் தலையெழுத்தப் பாருங்க.

— ரெண்டு பேரு தலையிலயும் ஒரே ஆளுதான் எழுதியிருப்பான் போல.

— எந்திரிங்க. பின்னால கேரியர்ல உக்காருங்க. எறக்கம்தான், மிதிக்கக்கூட வேண்டாம். சிலமலையில கொண்டு போயி உங்க சின்னாத்தா வாசல்ல எறக்கி விட்டுட்டுப் போறேன்.

— பிரேக்கு புடிக்குமா?

— ஒண்ணு புடிக்கும்.

— ஒண்ணுதானா? ... தாயி, அது என்ன சத்தம்?

— ஜீப்பு. மேலருந்து வருது. போங்க, அடியில போங்க! மூட்டை, மூட்டைய எடுத்துக்கிடுங்க!

— அடடே, டீச்சர்! நீங்கதானா! நாங்க நீங்க திரும்பிப் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சுட்டோம்.

— வாங்க செக்ரட்டரி அண்ணாச்சி.

— அதாவது, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கடைசிப் பையனும் வந்து சேந்துட்டான், கமிட்டியில எல்லாருக்கும் பசி. சரி வாங்க, பங்களாவுல சாப்பாடு இருக்கு. ஏன் மொகமெல்லாம் செவந்து கெடக்கு?

— வெயில்.

— அதாவது டீச்சர், ஒரு சின்ன விசயம். தோட்டத்துல ஒரு பொம்பள, பெரியம்மான்னு பேரு, காலையில பேரு கூப்பிட்டப்ப ஆளக் காணோம். ஒரு மரக்கா ஏலக்காயத் தூக்கிட்டு ஓடிட்டான்னு கன்னையன் சொல்றான். இந்தா பின்னாலதான் உக்காந்திருக்கான். கீழ எறங்கணும்னா இந்தப் பாலத்தத் தாண்டித்தான் போயாகணும், வேற தடம் கெடையாது. நாங்க நின்ன வரைக்கும் வரல. நாங்க போன பெறகுதான் தாண்டியிருப்பா. நீங்க எப்ப வந்தீங்க?

— ஏன் கேக்குறீங்க அண்ணாச்சி?

— காரணமாத்தான். இங்க பாருங்க, மனசுல ஒண்ணு உறுத்துது, அதையும் சொல்லிர்றேன். உங்கள நாங்க அப்படி விட்டுட்டுப் போனது சரியில்ல. என் வீட்டுலகூட ஏசுவாங்க. நீங்க எறங்காம மிதிச்சு ஏறி வந்தது நெசம்னா, எனக்குச் சாட்சி கீட்சி ஒண்ணும் வேண்டாம். நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல, வேதக்காரப் பிள்ளை. உங்க வார்த்தை போதும். மதுரைக்கு இன்னிக்கே நான் எழுதுறேன். பேப்பர்காரரு பங்களாவுலதான் இருக்காரு, கூட்டியாந்து இந்த மைல்கல்லு பக்கத்துல உங்கள நிக்க வச்சு ஒரு படமும் எடுக்கச் சொல்றேன். இந்தத் தடவை உங்க பேரு வரும். போதுமா?

— போதும் அண்ணாச்சி.

— அப்ப ஏறித்தான் வந்தீங்க? மிதிச்சு ஏறியிருந்தா, நாங்க போன கொஞ்சத்துலயே நீங்க இங்க வந்திருக்கணும். அப்பருந்து இந்தக் கட்டையிலதான் உக்காந்திருக்கீங்க, சரியா? அதாவது, அவ உங்க கண்ணுல படாம தாண்டியிருக்க முடியாது. படலன்னா அவ இன்னும் தாண்டவே இல்ல, இங்ஙனதான் எங்கயோ பதுங்கியிருக்கா. ஏலே கன்னையா, எறங்கி அந்தப் பாலத்தடியில பாரு.

— வேண்டாம், அவர எறங்கச் சொல்லாதீங்க அண்ணாச்சி. நான் அவளப் பாத்தேன்.

— பாத்தீங்களா? எங்க?

— பாதி மலையில. ஒரு லோடு லாரி நின்னு அவள ஏத்திக்கிட்டுப் போச்சு. இந்நேரம் தேவாரம் ஊரையே தாண்டியிருக்கும்.

— இருலே கன்னையா, எறங்காத. லாரி ஒண்ணு எறங்குச்சுன்னு சாவடியிலயும் சொன்னான். ஆனா டீச்சர், பாதி மலையில நீங்க எப்படிப் பாத்தீங்க? அந்நேரம் நீங்க மிதிச்சு மேல வந்திருப்பீங்களே?

— யாரு மிதிச்சா அண்ணாச்சி? சேலையக் கட்டிக்கிட்டு ஒரு பொம்பள இந்த மலைய மிதிச்சு ஏற முடியுமா? அடிவாரத்துலருந்தே தள்ளிக்கிட்டுத்தான் வந்தேன்.