மூணுக்கு அப்புறம் அஞ்சு

கிட்ட வாங்க. உஸ்மா, அந்த மெழுகுவத்தியை நடுவுல வை... ஆங், அப்படித்தான். கரண்டு இப்போதைக்கு வராது. லிஃப்டு, நீச்சல் குளம்னு சுங்கை பூலோ கொண்டோவுல இருந்தவ, ஏன் பிரிக்பீல்ட்ஸ்ல இந்த ஒழுகற வீட்டுக்கு வந்து உங்களோட ஒண்டிக்கிட்டேன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல? சொல்றேன். நடுவுல சிரிக்கக் கூடாது. மலர், உன்னைத்தான் சொல்றேன்.

விளக்கு வைக்கிற நேரம். மழை அப்பதான் விட்டிருக்கு. இங்கேருந்து ரொம்ப தூரம் இல்ல... தண்டவாளத்துக்குப் பின்னாடி ஒரு முட்டுச்சந்து. ஈ காக்கா இல்ல. ஒரு வெள்ளைக் கார் வந்து நிக்குது. என்ஜின் அணையல. கதவும் திறக்கல. உள்ள ஏர்கோன் காத்துல ஒருத்தன் உட்கார்ந்துக்கிட்டு, எதிர்ல இருக்கிற பழைய கட்டடத்தை கண்ணாடி வழியா பார்க்கிறான்.

அவன் பேரு லோகன். என்னோட வேலை செய்யற பிரவின் இருக்கான்ல, அவனோட அக்கா புருஷன். வேல்யுவர். ஒரு கட்டடத்துல எத்தனை வாடகை வீடு இருக்கு, என்ன விலை பெறும்னு பார்த்துச் சொன்னா, பேங்க்ல அதை நம்பி கடன் குடுப்பாங்க. எத்தனை வீடுன்னு எப்படித் தெரியும்? உள்ள போகணும். தனிக் கதவு இருக்கா, தனி அடுப்பு இருக்கா, குளிக்கிற இடம் இருக்கா, மீட்டர் இருக்கான்னு ஒவ்வொண்ணா பார்க்கணும். ஓனர் சொல்றதை நம்பக் கூடாது. படிச்சவன்தானே, இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனா துரை காரை விட்டு இறங்க மாட்டாரு. இறங்கினா ஷூவுல சேறு பட்டுரும்ல.

ஓனர் கன்னையா, குடையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து கார் ஜன்னல்ல குனிஞ்சான். "எட்டு வீடு பாஸ். நம்பர் பாருங்க, எட்டுலதான் முடியுது."

அந்தக் கட்டடத்தைக் கட்டினது சீனர். அவங்களுக்கு நாலாம் நம்பர் ஆகாது, அவங்க பாஷையில சாவுன்னு சொல்ற மாதிரி கேக்கும், நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் 3A, அதுக்கு அப்புறம் அஞ்சு. கடைசிக் கதவு எட்டு. கணக்கு சரிதான். ஆனா... 3A-க்குப் பின்னாடி, படிக்கட்டுக்கு அடியில, சாமான் போடற இடம் ஒண்ணு இருந்துச்சு. கன்னையா அதுக்கு ஒரு பலகைச் சுவர் வச்சு, ஒரு அடுப்பு மேடை கட்டி, 3A மீட்டர்லேருந்து திருட்டுத்தனமா ஒயர் இழுத்து வாடகைக்கு விட்டிருந்தான். நகராட்சிக்குத் தெரிஞ்சா இடிச்சுருவாங்க. அதனால வாடகை மட்டும் ஒன்பது வீட்டுக்கு வாங்குவான், யாராவது கேட்டா எட்டுன்னு சொல்லுவான். வெக்கம் கெட்டவன்.

அந்த இடத்துல இருந்தது சந்திரகலான்னு ஒரு பொண்ணு. அவளும் அவ மகளும்தான். சின்னப் பிள்ளை, நாலு வயசுகூட ஆகல. வீட்டுக்கு ஒரு நம்பர் வேணுமேன்னு, அந்தக் கட்டடத்துல யாருக்குமே வேண்டாத நம்பரை அவ எடுத்துக்கிட்டா. கதவுல சுண்ணாம்புக்கட்டியால 4-ன்னு எழுதி வச்சிருந்தா.

அன்னைக்கு அவ பிள்ளையை இடுப்புல தூக்கிக்கிட்டு கார் கிட்ட வந்து கண்ணாடியைத் தட்டினாளாம். "அண்ணே... எங்க வீட்டையும் எண்ணிட்டீங்களா?"

அவளுக்கு என்ன தேவைன்னா, எழுத்துல ஒரு வீடுன்னு இருந்தா கன்னையா நெனைச்ச நேரம் துரத்த முடியாது. அவ்வளவுதான். லோகன் என்ன செஞ்சான் தெரியுமா? கன்னையாவைப் பார்த்தான். கன்னையா, "மூணுக்கு அப்புறம் 3A, அப்புறம் அஞ்சு பாஸ். நாலுன்னு எதுவும் இல்ல லா"ன்னு சிரிச்சான். இவனும் சிரிச்சான். கண்ணாடியை ஏத்திட்டுப் போயிட்டான். ரிப்போர்ட்ல எட்டு. இதை அவனே பிரவின்கிட்ட சொல்லியிருக்கான், அதுவும் ஒரு வேடிக்கை மாதிரி. எனக்குப் பத்திக்கிட்டு வருது, இப்ப சொல்லும்போதும்.

அடுத்த வருஷம் அந்த ஒயர் பத்திக்கிச்சு.

தீயை அணைக்க பொம்பா லோரி வந்துச்சு. புகையில கட்டடமே தெரியல. ஆபீசர் தெருவுல நின்ன கன்னையாகிட்ட, "மொத்தம் எத்தனை வீடு?"ன்னு கேட்டாரு. அந்த நேரத்துலயாவது வாயில உண்மை வரணும்ல? வரல. ஒன்பதுன்னு சொன்னா பேங்க்ல கேப்பாங்களே, நகராட்சியில கேப்பாங்களேன்னு... "எட்டு"ன்னான். எட்டு வீட்டு ஆளுங்களையும் இறக்கினாங்க. எண்ணிப் பார்த்தாங்க. சரியா இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரங்க, சந்திரகலா வேலைக்குப் போயிருப்பான்னு நெனைச்சாங்க. அந்த நேரத்துல அவ வீட்டுல இருந்ததே இல்ல. அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்...

மெழுகுவத்தியை ஊதாதே மலர். கேளு.

லோகனுக்கு சேதி தெரியும். பிரவின் கேட்டதுக்கு, "எனக்கென்ன? தீ வச்சது நானா?"ன்னு கேட்டானாம். வாயைப் பாருங்க.

அப்புறம் கன்னையா அந்த நாலாம் நம்பர் கதவை அடைச்சு, சுவரை எல்லாம் பூசி, புதுசா பெயிண்ட் அடிச்சு, கட்டடத்தை விக்கப் பார்த்தான். மறுபடியும் வேல்யுவேஷன். மறுபடியும் லோகன். இந்தத் தடவை அவன் ஆபிஸ்ல, உள்ள போய் படம் எடுத்துட்டு வந்தே ஆகணும்னு சொல்லிட்டாங்க. அதே விளக்கு வைக்கிற நேரம். அதே மாதிரி மழை விட்டிருக்கு. துரை மூக்கைச் சுளிச்சுக்கிட்டு இறங்கினாரு. வீடெல்லாம் காலி. கன்னையா தெருவுலயே நின்னுட்டான், உள்ள வரல. ஏன் வரலன்னு இவனும் கேக்கல.

மேல போகும்போது கதவை எண்ணிக்கிட்டே போனான். எட்டு. இறங்கும்போது எண்ணினான்... ஒன்பது.

தப்பா எண்ணிட்டோம்னு மறுபடியும் ஏறினான். எட்டு. இறங்கினான்... ஒன்பது.

கடைசிப் படியில நின்னான். புது பெயிண்ட் வாசனை. அதுக்கு அடியில நனைஞ்ச கரி நாத்தம். அதுக்கும் அடியில... கறிவேப்பிலை. நல்லெண்ணெய். யாரோ தாளிக்கிறாங்க. பட்... பட் பட்... கடுகு வெடிக்குது. எங்க? சுவருக்குள்ள. 3A-க்குப் பின்னாடி, கதவே இல்லாத மொட்டைச் சுவரு. அந்தச் சுவருக்கு முன்னால ஒரு பொம்பளைச் செருப்பு ஜோடி. பக்கத்துல சின்னதா இன்னொரு ஜோடி, பிளாஸ்டிக். ரெண்டும் ஈரம்.

அடுப்பு இருந்தா அது வீடுதான். அதானே அவன் படிச்ச படிப்பு?

சுவருல காதை வச்சானாம். ஏன் வச்சோம்னு இன்னைக்கும் தெரியலன்னு பிரவின்கிட்ட அழுதிருக்கான். கடுகு சத்தம் நின்னுச்சு. அப்புறம்... டொக். டொக். உள்ளேருந்து, மெதுவா. அவன் காதுக்கு நேரா. சின்னக் கை தட்டற மாதிரி, கீழ ஒரு தட்டு. பெரிய கை தட்டற மாதிரி, மேல ஒரு தட்டு.

"அண்ணே... இப்பவாவது எண்ணிட்டீங்களா?"

ஓடினான். ஷூ ஒண்ணு சேத்துல போச்சு, எடுக்கல. ரெண்டு நாள் காய்ச்சல். இப்ப சொல்லுங்க, காய்ச்சல் விட்டதும் என்ன எழுதியிருப்பான்? பயந்தவன், பாவம்னு நெனைக்கிறவன், ஒரு வரி எழுதியிருக்கலாம்ல... இங்க ஒன்பதாவதா ஒரு வீடு இருந்துச்சு, அதுல ரெண்டு பேரு இருந்தாங்கன்னு? அவங்களுக்குன்னு எங்கயும் வேற எதுவும் எழுதல, உஸ்மா. அந்த ஒரு வரிக்குத்தான் அவ தட்டினா.

எட்டுன்னு எழுதினான். கட்டடம் வித்துப் போச்சு. தூ!

சரி, இதுல நான் எங்க வந்தேன்னு கேக்கறீங்க. லோகன் குடியிருந்தது என் கொண்டோவுலதான், என் பிளாக்குலயேதான். நான் அஞ்சாவது மாடி. அவன் ஏழாவது மாடி, 7-3A. ரெண்டு வண்டி நிறுத்தற இடத்துல குறுக்கால நிறுத்துவான். லிஃப்டுல பார்த்தா ஒரு சிரிப்புகூட கிடையாது. அவன் பொண்டாட்டி, வீட்டுல யாரும் சமைக்காம இருக்கும்போதே தாளிக்கிற வாசனை வருதுன்னு சொல்லிட்டு, கிள்ளானுக்கு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கு அப்புறம் சாப்பாடு கொண்டு வர்ற பையன்கள் ஏழாம் மாடியில நின்னுக்கிட்டு முழிப்பாங்க. லிஃப்டுல என்னைப் பார்த்தா, "ஆன்டி, 3A எங்க?"ன்னு கேப்பாங்க. நான்கூட ஒரு தடவை, "நல்லா பாருப்பா, மூணுக்குப் பக்கத்துல"ன்னு சொல்லி அனுப்பியிருக்கேன். அந்தப் பையன் இறங்கி வந்து சாப்பாட்டை என்கிட்டயே குடுத்துட்டுப் போனான். நான் சாப்பிட்டேன். அந்த மனுஷன் மேல எனக்கு அவ்வளவுதான் மரியாதை.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம், மழை விட்ட நேரம். ஃபயர் அலாரம் அடிச்சுச்சு. எல்லாரும் கார் பார்க்குக்கு இறங்கிட்டோம். குழந்தைங்க, பூனைக் கூண்டு, ஒரு ஆன்டி துவைச்ச துணியோட... ஒரே கூட்டம். நேப்பாளி கார்டு ஒவ்வொரு மாடியா ஏறிக் கதவைத் தட்டிட்டு மூச்சு வாங்க வந்தாரு. எல்லா வீடும் தட்டியாச்சு, எல்லாரும் இறங்கியாச்சுன்னாரு.

லோகனைக் காணோம்.

"ஆறாம் மாடியில 3A தட்டினீங்களா?"ன்னு கேட்டேன், மலாய்ல. தட்டினேன்னாரு. "ஏழாம் மாடியில?" விரலை விட்டு எண்ணினாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. "3A?" அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "ஏழுல மூணுக்கு அப்புறம் அஞ்சுதான், அக்கா."

அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலயும் அஞ்சு பால்கனி. ஆறாம் மாடியில அஞ்சு. எட்டாம் மாடியில அஞ்சு. ஏழாம் மாடியில... நாலு. நடுவுல வெறும் சுவரு. புது பெயிண்ட் மாதிரி பளிச்சுன்னு.

வெறுத்தேன் அவனை, இப்பவும் வெறுக்கறேன். ஆனா அப்படி ஒண்ணு யாருக்கும் வரக் கூடாது. பிளாக் வாட்ஸ்அப்ல அவன் நம்பர் இருந்துச்சு. அடிச்சேன். ரிங் போச்சு... போச்சு... எடுத்தான்.

மூச்சு மட்டும் கேட்டுச்சு. பின்னாடி ஒரு குழந்தை, ஸ்பூனை வச்சு தட்டுல தட்டிக்கிட்டு இருக்கு. "லோகன், எங்க இருக்கீங்க? கதவைத் திறந்து வெளிய வாங்க!"ன்னு கத்தினேன். என் வாழ்க்கையில அவன்கிட்ட நான் பேசின ஒரே பேச்சு அதுதான். அவன் அழுகையை அடக்கிக்கிட்டு, ரொம்ப மரியாதையா, ஒண்ணே ஒண்ணு கேட்டான்.

"அக்கா... எங்க வீட்டையும் எண்ணிட்டாங்களா?"

பின்னாடி கடுகு வெடிச்சுது.