கதவைப் பூட்டியது யார்?

எழுதும்போது எனக்கு வாய் அசையும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போதும் அசைந்துகொண்டிருக்கிறது, ஐயா. எதிரே உட்கார்ந்திருக்கும் உங்கள் கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. காதுக்குச் சரியாகப் படாத சொல்லை நான் தாளில் இறக்குவதில்லை, அவ்வளவுதான்.

ஆறு வருடம் வலைப்பதிவு எழுதினேன். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, மேயர் தூங்குகிறார், இப்படி. படித்தவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். அதில் என் அக்காவும் மாமாவும் சேர்த்தி. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஒரு தையல் பட்டறையில் வாட்ச்மேன். கேட்டில் உட்கார்ந்தபடி போனில் ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படிப்பார். படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா படிச்சு முடிக்கிறதுக்குள்ள என் ஷிப்டே முடிஞ்சிடுது" என்பார்.

அவர் சொன்னது நியாயம் என்று பட்டது. சுருக்கக் கற்றுக்கொண்டேன். கட்டுரை பத்தியானது, பத்தி வரியானது, வரி மூன்று சொல்லானது. மேயரை எதிர்த்து நின்ற வேட்பாளர் தன் அலுவலக மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்தார். கோஷத்தை மாடிப்படி ஏறிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். மூச்சு வாங்கினால் அடித்துவிடுவேன். கேள்வியாக இருந்தால் உத்தமம். பெயர் மட்டும் இருக்கவே கூடாது. பெயர் போட்டால் அந்த ஆளுக்கு வேண்டியவர்கள் விலகிப் போய்விடுவார்கள். இடத்தைக் காலியாக விட்டால் அவரவர் தங்களுக்குப் பிடிக்காதவனை அதில் உட்காரவைத்துக்கொள்வார்கள்.

தேர்தலுக்குப் பதினொரு நாள் இருந்தபோது மாமாவின் பட்டறை தீப்பிடித்தது. இரண்டாம் மாடியில் ஒன்பது பெண்கள் இறந்துபோனார்கள். பின்படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. மாமா கேட்டிலிருந்து ஓடி, மேலே ஏறி, இரண்டு பேரை இழுத்து வந்தார். அவருடைய உள்ளங்கை இரண்டும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து அழுதேன், அது நடிப்பில்லை. திரும்பி வரும் வழியில் வாய் அசைய ஆரம்பித்தது. அலுவலக மாடி ஏறி முடிப்பதற்குள் கோஷம் தயார்: "கதவைப் பூட்டியது யார்?"

பட்டறைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுத்தது மேயரின் ஆட்கள். ஜனங்கள் மேயரை நினைத்துக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் சுவரெல்லாம் அதுதான். அதற்கடுத்த நாள் பஸ்ஸில் கண்டக்டர், "கதவைப் பூட்டியது யாருப்பா? உள்ள போங்க, உள்ள போங்க" என்றார், பஸ்ஸே சிரித்தது. ஒன்பது பேர் செத்ததற்குச் சிரிக்கிறார்களே என்று எனக்கு வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் சிரிப்பு வரைக்கும் போய்விட்டால் கோஷம் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

அன்றைக்கு மாமா என் அறைக்கு வந்தார். கட்டுப்போட்ட கைகளைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார்.

"சட்டைப் பையில இருக்கு, நீயே எடு மாப்ள. என்னால முடியல."

ஒரு மனுவின் நகல். பகல் முழுக்கப் பின்கதவு பூட்டியே கிடக்கிறது, சாவி முதலாளியின் காரில் இருக்கிறது, ஏதாவது ஆனால் யாரும் தப்ப முடியாது, தயவுசெய்து திறந்து வைக்கவும். மாமாவின் கோணல் கையெழுத்து. கீழே, பெற்றுக்கொண்டதாக மேனேஜரின் ஒப்பம். தேதி, தீப்பிடித்ததற்கு மூன்று வாரம் முன்பு.

"ஊரே கேக்குதுல்ல, யாரு பூட்டுனதுன்னு? பதில் இதுல இருக்கு. நீ போட்டா நம்புவாங்க."

"போடறேன் மாமா."

"அந்தப் பொண்ணுங்க தெனமும் உள்ள போறப்போ, சாப்பிட்டீங்களாண்ணேன்னு கேட்டுட்டுத்தான் போவாங்க" என்று சொல்லி அழுதார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. நான்தான் துடைத்துவிட்டேன்.

மாமாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பட்டறை முதலாளி எங்கள் வேட்பாளருக்குச் சகலை. தீப்பிடித்த அன்று அந்தப் பெண்கள் அவசர அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்தது எங்கள் கட்சிக் கொடிகளை. மனுவை மேசை இழுப்பறையில் வைத்தேன். கிழித்துப் போடவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் அப்புறம் அதைக் கோஷமாகப் போட ஆள் வராது. தேர்தல் வரைக்கும் பதில் பொறுத்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஐந்து நாள் மிச்சம் இருந்தபோது ஒரு மாலைப் பத்திரிகைக்காரர் சகலை உறவை மோப்பம் பிடித்துவிட்டார். வேட்பாளரே மாடியேறி வந்தார். டீ குடித்தார். "தம்பி, நல்ல கேள்விதான். ஆனா நம்ம வீட்டு வாசல்லயே வந்து நிக்குதே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர்மேல் நான் பழி போட மாட்டேன்.

மறுநாள் காலை இணையத்தில் மாமாவின் புகைப்படம் ஒன்று வந்தது. கீழே அந்தக் கேள்வி மட்டும். மத்தியானத்துக்குள் ஊரே பதிலைக் கண்டுபிடித்துவிட்டது: வாட்ச்மேன்தானே, பூட்டுவது அவன் வேலைதானே.

அக்கா போன் செய்தாள். "டேய், மாமா படத்தைப் போட்டு என்னென்னமோ எழுதறாங்கடா. அந்தப் பேப்பரை இப்பவே போட்டுடுடா, உன் கால்ல வேணா விழறேன்."

"என்னக்கா பேச்சு இது. போடறேன். மாமாவை மட்டும் வெளிய அனுப்பாத."

இதை நான் சொன்னேன். ஆனாலும் கட்டு மாற்ற வேண்டிய நாள் என்று மாமா கிளம்பிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒருவர் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு பத்துப் பேர் கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கைகளை வைத்துக்கொண்டு முகத்தை மறைக்கக்கூட முடிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். இரண்டு நாள் உயிர் இருந்தது.

கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்கு வாசகம் எழுதியதும் நான்தான். அக்கா கேட்டாள். "நீதான்டா அழகா எழுதுவ. ரெண்டு பேரைக் காப்பாத்தினவர்னு போடு." போட்டேன். அதற்கு வாய் அசையவில்லை. எங்கள் ஆள் ஜெயித்தார்.

இப்போது அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். படத்தைப் போட்டவனைப் பிடிக்க நான் உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். காலையில் சட்டை தேய்த்துக் கொடுத்து, "விட்டுடாதடா" என்றாள்.

படத்தைப் போட்டது நான். 'வழிப்போக்கன்' என்ற பெயரில் இருக்கும் கணக்கு என்னுடையது. அதில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பொய் ஒரு சொல்கூட இல்லை. ஒரு படம், ஒரு கேள்வி. ஓட்டுப்பதிவு முடிந்த மாலையே மனுவைப் போட்டு, மாமாவை இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வைத்திருப்பேன். ஜனங்களுக்குத்தான் நான்கு நாள் பொறுமை இல்லை.

படம் எங்கே எடுத்தது என்று கேட்டீர்கள். அக்கா மகள் பட்டம் வாங்கிய அன்று, கல்லூரி வாசலில். அக்காவையும் பெண்ணையும் வெட்டிவிட்டேன். மாமாவின் தோள்மேல் ஒரு கை மட்டும் மிச்சம் இருக்கிறதே, அது யாருடையது என்றும் கேட்டீர்கள்.

என்னுடையது. அதையும் வெட்டத்தான் பார்த்தேன், ஐயா. வெட்டினால் அவர் தோளும் பாதி போய்விடும்போல இருந்தது. மாமாவை அப்படிக் குறையாகக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.