மேலே வராத கவர்

— காலை எடுங்க. அந்தப் பெடலை இன்னொரு தடவை மிதிச்சீங்க, நான் வீட்டை விட்டே போயிடுவேன்.

— ஒரே ஒரு தடவைம்மா. சுருக்கமா சொன்னா, ஸ்பிரிங் கொஞ்சம் பலமா அமைஞ்சு போச்சு.

— கொஞ்சமா? வெங்காயத் தோல் ஃபேன்ல தொங்குது, வேலைக்கு வர்ற அக்கா ஸ்டூல் போட்டு ஏறித் துடைக்கிறாங்க. நிமிர்ந்து பாருங்க.

— பார்த்துட்டேன். ஆனா குப்பைக் கவர் மேல வந்துச்சா இல்லையா?

— கவர் மட்டுமா வந்துச்சு? காலைல போட்ட டீத்தூளும் கூடவே வந்துச்சு. ஏங்க, குப்பைத்தொட்டின்னா குப்பையை உள்ள வச்சிருக்கணும். உங்களுது வாங்கினதைத் திருப்பிக் குடுக்குது.

— உனக்கு விஷயம் புரியல. சுருக்கமா சொன்னா, கவர் நிறைஞ்சதும் பிடிச்சு இழுத்தா மேல வராது. ஏன்? கவருக்கு அடியில காத்து நுழைய வழி கிடையாது. இழுக்க இழுக்கத் தொட்டி அதை உறிஞ்சிப் பிடிச்சுக்கும். இன்னும் பலமா இழுத்தா கவர் கிழியும், குப்பை அத்தனையும் தரையில. எங்க கம்பெனிக்கு வர்ற புகார்ல பாதி இதுதான். அதுக்காகத்தான் அடியில ஒரு தட்டு, தட்டுக்குக் கீழ ஸ்பிரிங், வெளியில பெடல். மிதிச்சா தட்டு கவரைத் தூக்கிக் குடுக்கும்.

— அது சரி. சுருக்கமாத்தான் சொன்னீங்க.

— கிண்டல் பண்ணாத. நாளைக்குப் பதினோரு மணிக்கு மேனேஜர்கிட்ட இதைக் காட்டணும். ஏற்கெனவே ரெண்டு தடவை வேணாம்னுட்டாரு. நாளைக்கும் வேணாம்னா, என்னை வாளிக்குக் கைப்பிடி மாட்டுற பிரிவுக்கு அனுப்பிடுவாங்க. பன்னெண்டு வருஷம் தொட்டி வரைஞ்சவன் நான். கைப்பிடி மாட்டிக்கிட்டு உக்காரணும்.

— சரி சரி, மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க, எனக்கே கஷ்டமா இருக்கு. அவரு ஏன் வேணாங்கிறாரு? ஸ்பிரிங் பிடிக்கலையா?

— ஸ்பிரிங் வரைக்கும் எங்க வந்தாரு? கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுக்கிட்டு, அதையே மேஜை பூரா தேடிக்கிட்டே சொல்றாரு: 'என்னய்யா பெரிய பிரச்சினை? எங்க வீட்டுல தினமும் நான்தான் கவரை எடுக்கிறேன், பூ மாதிரி வருது. இல்லாத வியாதிக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கே'ன்னு.

— நிஜமாவே அவர் வீட்டுல வருதோ என்னவோ.

— எப்படி வரும்? அவர் வீட்டுல இருக்கிறதும் நம்ம வீட்டுல இருக்கிறதும் ஒரே தொட்டி, எங்க கம்பெனி சாம்பல் கலர். அவராவது கவரை எடுக்கிறதாவது. ஜென்மத்துல குப்பையைத் தொட்டிருக்க மாட்டாரு. தொட்டவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

— அது சரி.

— என்ன அது சரி?

— ஒண்ணுமில்ல. அது சரின்னேன்.

— நாளைக்கு அவர் வாயை அடைக்க ஒரு வழி வச்சிருக்கேன். நம்ம பழைய தொட்டியைக் கொண்டா. நான் கவரை இழுக்கிறேன், அது மாட்டிக்கிட்டு வர மாட்டேங்கும், நீ அதை போன்ல வீடியோ எடு. கண்ணால பார்த்தா நம்பித்தானே ஆகணும்.

— அக்கா, ஃபேனை அப்புறம் துடைச்சுக்கலாம், ஸ்டூல்லேருந்து இறங்குங்க. அந்தப் பழைய தொட்டியை இப்படிக் கொஞ்சம் தள்ளி விடுங்களேன்.

— இந்தாம்மா. கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு. தம்பி, பார்த்து மெதுவா இழுங்க.

— மெதுவா இழுத்தா எப்படிக்கா வரும்? எடுக்க ஆரம்பிச்சுட்டியாம்மா? கவனமா பாரு. இப்ப நான் முழு பலத்தோட…

— ஐயையோ. அடி பட்டுடுச்சா?

— இல்ல. சுவர்தான் பிடிச்சுக்கிச்சு.

— பூ மாதிரிதாங்க வந்துச்சு. வீடியோ ரொம்ப அழகா விழுந்திருக்கு, நீங்களும்தான்.

— அதை அழி. கவர் காலியா இருந்திருக்கும். ரெண்டு செங்கல்லை உள்ள போட்டு மறுபடியும் இழுப்போம்.

— அக்கா கழுத்து வரைக்கும்னு சொன்னாங்கல்ல?

— போட்டாச்சு. இழுக்கிறேன். …வருது. என்னடா இது, தானா வருது. டார்ச் அடி, உள்ள பார்க்கணும். இது என்ன ஓட்டை? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சுத்தி நாலு ஓட்டை. மேல விளிம்புக்கிட்டயும் ஒண்ணு. இதெல்லாம் யாரு வேலை?

— நான் இல்லப்பா. வாங்கும்போதே அப்படித்தான்னு நினைச்சேன். உங்க கம்பெனி தொட்டிதானே?

— எங்க கம்பெனி தொட்டியில ஓட்டையே கிடையாது. வரைஞ்சதே நான்.

— அப்போ இத்தனை வருஷமா இதுல ஓட்டை இருக்கிறது உங்களுக்குத் தெரியாது. ஏன்னா ஒரு நாள் கூட நீங்க கவரை எடுத்ததில்ல. தொட்டவனுக்குத்தான் கஷ்டம் தெரியும்னு யாரோ சொன்னாங்க.

— அந்தப் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம்.

— தம்பி, கோவிச்சுக்காதீங்க. அது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஸ்க்ரூடிரைவரை அடுப்புல காட்டி ஓட்டை போட்டேன். நல்ல தொட்டியைக் கெடுத்துட்டேன்னு திட்டுவீங்கன்னு சொல்லல.

— நீங்களாக்கா? காத்து நுழைஞ்சா கவர் வந்துடும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— எனக்கென்ன தெரியும் தம்பி. எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வராது, மறுபக்கமும் போட்டா கொட்டும். அதே மாதிரி இருக்குமோன்னு போட்டுப் பார்த்தேன்.

— ஏன் அடியில போடாம பக்கத்துல, அதுவும் நாலு விரல் மேல தள்ளி?

— அடியில போட்டா, கவர் ஒழுகுற அன்னிக்கு தண்ணி தரைக்கு வரும். தரையைத் துடைக்கிறது யாரு? நான்தானே.

— விளிம்புக்கிட்ட இருக்கிற ஓட்டை?

— கவர் வாய் தொளதொளன்னு இருந்தா உள்ள சரிஞ்சுடும். மிச்சத்தை அந்த ஓட்டையில நுழைச்சு இழுத்து விட்டா இறுக்கமா நிக்கும்.

— எனக்கு வெக்கமா இருக்குக்கா. ஆறு மாசமா நான் ஸ்பிரிங்கைக் கட்டிக்கிட்டு அழறேன். நீங்க ஸ்க்ரூடிரைவர்ல முடிச்சிட்டீங்க.

— நாளைக்கு இதைத்தாங்க காட்டணும். ஸ்பிரிங் வேணாம், பெடல் வேணாம். ஆனா மேல அக்கா பேரு இருக்கணும். இல்லைன்னா அந்த வீடியோவை உங்க ஆபீஸ் பூரா அனுப்பிடுவேன்.

— நீ சொல்லணுமா? யோசனை அக்காவோடதுன்னு முதல் பக்கத்துலயே எழுதுறேன். ஆனா என்ன பிரயோஜனம்? வியாதியே இல்லைங்கிற ஆளுகிட்ட எந்த மருந்தைக் காட்டுறது? மறுபடியும் நெத்தியில கண்ணாடியோட 'எங்க வீட்டுல பூ மாதிரி வருது'ன்னு ஆரம்பிப்பாரு. இந்த விஷயத்துல மட்டும் ஏன்தான் இப்படிப் பொய் சொல்றாரோ.

— பொய் இல்ல தம்பி. அங்க பூ மாதிரிதான் வரும்.

— என்னக்கா சொல்றீங்க?

— கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுவாரே, அவருதானே உங்க மேனேஜரு? இதோ, உங்க வீட்டு அம்மா சொல்லித்தான் போன வருஷம் அவங்க வீட்டுல சேர்ந்தேன். ரெண்டாவது நாளே அங்கயும் நாலு ஓட்டை போட்டாச்சு. தினமும் காலைல ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி அவருதான் கவரை எடுத்துக்கிட்டுத் தெருமுனைக்குப் போறாரு, பாட்டுப் பாடிக்கிட்டே.

— நீ ஏம்மா இப்படிச் சிரிக்கிறே? மூச்சு விடு. அக்கா, அப்போ ரெண்டு தடவையும் என் வேலைக்கு வேட்டு வச்சது நீங்கதானா?

— எனக்கென்ன தெரியும் தம்பி. ஆனா நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு எனக்கு முதல் வீடு அவங்க வீடுதான். அந்த நாலு ஓட்டையையும் டேப்பு ஒட்டி அடைச்சுட்டு வந்துடட்டுமா?