காறையெலும்புக்குக் கீழே

இல்லக்கா, கரண்டுன்னா வீட்டுல ஷாக் அடிக்குத கரண்டு கெடையாது. அத நெனச்சே நீங்க ஒறங்கலன்னு நர்ஸம்மா சொன்னா. எந்திரிக்காண்டாம், படுத்தே கெடங்க. நான் இந்த ஸ்டூல்ல இருந்துக்கிடுதேன். கிறிஸ்டி டாக்டரம்மாதான் என்னய வரச் சொன்னாக. மேலப்பாளையத்துல இருந்து ஜமீலா பீவின்னு ஒரு அம்மா வந்துருக்காக, பீடி சுத்திக்கிட்டு இருக்கும்போதே மயங்கி விழுதாக, நெஞ்சுல பேஸ்மேக்கர் மிஷின் வைக்கணும்னா மாட்டேங்காக, நீங்க ரெண்டு வார்த்த பேசுங்கன்னு. எம் பேரு பிரம்மநாயகி. எங்க வீட்டுக்காரகளுக்கு அந்த மிஷினு வச்சுருந்துச்சு.

ஆமா, அவுகளும் இப்படித்தான் விழுந்தாக. ஆத்துத் தண்ணிய டவுனுக்கு ஏத்துத பம்பு ஹவுஸ்ல வேல. ஒருநா சோத்துல கை வச்சவுக அப்படியே சாஞ்சுட்டாக. மூஞ்சில தண்ணி அடிச்சா முழிச்சு, என்னட்டி ஆச்சுங்காக. பொறவு பஸ் ஸ்டாப்புல விழுந்தாக. காக்கா வலிப்பு, கையில இரும்பக் குடுன்னாக அக்கம்பக்கத்துல. மாமியா செய்வினைன்னு சொல்லி திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனாக. கடல்ல குளிச்சு ஏறையில அங்கனயும் விழுந்தாச்சு.

கடைசில இந்த டாக்டரம்மாதான் கையப் புடிச்சுப் பாத்தாக. நாடி நிமிசத்துக்கு முப்பதுகூட இல்ல. அவுக சொன்னது எனக்கு ஒண்ணும் வெளங்கல. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரகதான் சொல்லித் தந்தாக, பம்பு ஹவுஸ் ஆள்லா. நெஞ்சுக்குள்ள ரெண்டு பம்பு ஒட்டுனாப்ல இருக்காம். ஒடம்பு பூராச் சுத்திக் களைச்சு வார ரத்தத்த வலது பம்பு நுரையீரலுக்குத் தள்ளுமாம். அங்கன காத்த வாங்கிட்டு இடது பக்கம் வரும். இடது பம்பு அத தலைக்கும் காலுக்கும் ஏத்தி விடும். இதுக்குக் கரண்டு வெளிய இருந்து வராண்டாம், நெஞ்சே உண்டாக்கிக்கிடும். மேல உண்டாகுத கரண்டு கீழ எறங்குனாத்தான் பம்பு ஒழுங்கா அடிக்கும். எனக்கு மோட்டாரு நல்லாத்தான் இருக்கு, எடையில வயருதான் அந்துபோச்சுன்னு சொல்லிட்டு சிரிச்சாக. எனக்குச் சிரிப்பு வரல.

ஒங்களுக்கும் அதே சீக்குதான்னாக டாக்டரம்மா.

பயமில்லாம எப்படி இருக்கும்? மிஷின் வைக்க மதுரைக்குப் போகுத வழியெல்லாம் என் கைய விடல அவுக. ஆனா நெஞ்ச அறுக்க மாட்டாகக்கா. கழுத்தடியில இருக்குத காறையெலும்புக்குக் கீழ மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம்போலக் கீறி, ரத்தக் குழாய் வழியா ஒரு வயர உள்ள எறக்குதாக. மிஷினத் தோலுக்கு அடியில வச்சுத் தச்சிருதாக, அந்துபோன வயருக்குப் பதிலா கீழ கரண்ட அதுதான் அனுப்பும். தீப்பெட்டி மாதிரி மேடு தெரியும். சேலைய இழுத்துப் போட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் விழவே இல்ல. பெரிய மோட்டார் பக்கத்துல நிக்கக் கூடாதுன்னுட்டாக, அதனால தெருத்தெருவா சைக்கிள்ல போயி தண்ணி தொறந்து விடுத வேலைக்கு மாத்துனாக. மகளக் கெட்டிக் குடுத்தாக. ஆத்துல முங்கிக் குளிச்சாக. தொழுகையில குனியலாமான்னா கேக்கிய? தாராளமாக் குனியலாம். பீடியும் சுத்தலாம். காயம் ஆறுத வரைக்கும் அந்தக் கைய மேல தூக்காம இருந்தாப் போதும்.

அவுகளக் கூட்டிட்டு வந்திருக்கலாமேங்கியளா?

அவுக எப்படிக்கா வருவாக? போன மாசம் தவறிட்டாக.

நெஞ்சால இல்ல, நீங்க பயப்படாதிய. தலையில ரத்தக் குழாய் வெடிச்சுட்டு. இதே ஆஸ்பத்திரிதான், கீழ வார்டு. கண்ணு தொறக்கல, பேச்சு இல்ல. நாடி மட்டும் கடைசிவரைக்கும் சரியா அடிச்சுது. நான் அதப் புடிச்சுக்கிட்டே இருந்தேன், பொழச்சுருவாகன்னு. மூச்சு பையப் பைய நின்னுபோச்சு. வீட்டுல எல்லாரும் அழுதாக. எனக்கு வரல. வந்தவுகளுக்குப் பாய் விரிச்சுக்கிட்டு இருந்தேன். இப்பமும் வரல. எதுவோ மரத்துப்போன மாதிரி இருக்கு.

எரிக்கதுக்கு முந்தி மிஷின எடுக்கணும்னாக டாக்டரம்மா, தீயில வெடிக்குமாம். உள்ள இன்னும் கரண்டு வந்துக்கிட்டுத்தான் இருக்குன்னாக. பொறவு எதுக்கு நெஞ்சு அடிக்கலன்னு கேட்டேன். மிஷின் சொல்லுதத கேக்க அந்தச் சதைக்கு உசுரு வேணும்லா பிரம்மநாயகின்னாக. எடுத்தத என் கையில குடுக்க வந்தாக. நான் வாங்கல. புதுசு வாங்க வழியில்லாத யாருக்காவது ஆகுமான்னு கேட்டேன்.

ஒங்களுக்கு வைக்கப் போறது அதுதாங்க்கா.

பேட்டரிய சோதிச்சுட்டாகளாம், இன்னும் பல வருசம் ஓடுமாம். மருந்துல போட்டு சுத்தம் பண்ணியாச்சு. வயரு புதுசுதான். மறைச்சு வைக்கக் கூடாது, நீங்களே சொல்லிருங்கன்னாக. சொல்லிட்டேன். செத்தவுக மேல இருந்தது வேண்டாம்னு தோணுனா வேண்டாம்னு சொல்லிருங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

நீங்க ஏங்க்கா அழுதிய? படபடப்பு ஆகாதுன்னு சொல்லியிருக்காகள்லா. இந்தாங்க, தண்ணி குடிங்க.

பேரா? அவுக பேரு எதுக்கு?

அல்லாட்ட அவுகளுக்காக துவா கேக்கையில சொல்லுததுக்கா.

ஐயம்பெருமாள்.

ஆஸ்பத்திரியில எழுதையிலகூட மகதான் சொல்லுவா. நான் இதுவரைக்கும் வாயால சொன்னதே இல்லக்கா. ஐயம்பெருமாள்.

அப்பம் சம்மதம்னு சொல்லி நர்ஸம்மாவ வரச் சொல்லட்டுமா?